குழந்தை "விளையாடினேன்" என்று சொன்னால் அன்று என்ன படித்தது?

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னைக்கு மிஸ் என்ன சொல்லிக்குடுத்தாங்க?" மூன்றரை வயதுப் பிள்ளை யோசிக்காமல் "விளையாடினேன்" என்று சொல்லும். உடனே கேட்டவர் முகத்தில் ஒரு வாட்டம் வரும். பத்து வருஷத்துக்கு மேலாகச் சிறு பிள்ளைகளோடு இருக்கிறேன், அந்த வாட்டம் எனக்கு நன்றாகப் பழக்கம். இவ்வளவு ஃபீஸ் கட்டி விளையாடவா அனுப்புகிறோம் என்று சிலர் வாய்விட்டே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கேட் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் விளையாட்டுவழிக் கற்றல், குழந்தையே முன்னால் நடக்கும் கற்றல் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன என்று இதைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிறவருக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

விளக்கத்துக்கு முன்னால் ஒரு பஸ் பயணம்.

ஒரு நாள் காலை, நாலு வயசுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வகுப்பில் இருந்த சின்ன நாற்காலிகளை இரண்டிரண்டாக இழுத்துப் போட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒரு பையன் எவர்சில்வர் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெண் தன் ஸ்நாக்ஸ் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று தொடங்கினாள். அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில், பழைய பஸ் டிக்கெட்டுகள் நிறைந்த ஒரு டப்பா இருந்தது. அதை எடுத்து விநியோகம் ஆரம்பமானது. ஒருவனுக்கு இரண்டு போய்விட்டது, கடைசி சீட்டில் இருந்தவளுக்கு ஒன்றும் வரவில்லை, அவள் உதடு பிதுங்கிவிட்டது. கண்டக்டர் திரும்பி வந்து ஒவ்வொருவர் தலையையும் தொட்டு "உனக்கு இருக்கா? உனக்கு இருக்கா?" என்று பார்த்து, இரண்டு வைத்திருந்தவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தாள். அப்புறம் ஒரு சட்டச் சிக்கல். "பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, டிக்கெட் வேணாம்" என்றான் ஒருவன். "ஃப்ரீன்னாலும் டிக்கெட் குடுப்பாங்க, எங்கம்மா வாங்குவாங்க" என்றாள் இன்னொருத்தி, அவள் சொன்னதுதான் சரி. மூன்றாவது ஆள், "எனக்கு அஞ்சு வயசே ஆகல, எனக்கு டிக்கெட்டே கிடையாது" என்றான். அதுவும் சரிதான், அரசு பஸ்ஸில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. ஆனால் அங்கே இருந்த யாருக்குமே ஐந்து ஆகவில்லை. அப்படியானால் கண்டக்டருக்கு என்ன வேலை? கொஞ்ச நேரம் எல்லாரும் விழித்தார்கள். பிறகு டிரைவர் திரும்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான்: "இப்ப நாம எல்லாரும் பெரியவங்கடா."

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்து, "கண்டக்டரம்மா, நான் ஆஸ்பத்திரில இறங்கணும், இன்னும் எத்தனை ஸ்டாப் இருக்கு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக ஸ்டாப்புகள் முளைத்தன, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினார்கள், மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸுக்கு போர்டு இல்லையே என்று யாரோ சொல்ல, ஒருத்தி ஒரு தாளில் இரண்டு வட்டம் ஒட்டிப் போட்டு, "இது எட்டு" என்று கொண்டுவந்து முன்னால் செருகினாள். மொத்தம் அரை மணி நேரம்கூட இருக்காது.

இப்போது சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லும்? "விளையாடினேன்" என்றுதான் சொல்லும்.

நடந்தது என்ன என்று பிரித்துப் பார்ப்போம். ஒரு தலைக்கு ஒரு டிக்கெட் என்று அந்தக் கண்டக்டர் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாளே, எண்ணுதலின் அஸ்திவாரம் அதுதான். ஒன்று, இரண்டு என்று ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் "எனக்கு ஏழு புளியங்கொட்டை குடு" என்று கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தரும். ஒப்பிப்பது பாட்டு மாதிரி நாக்கில் ஏறிவிடும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பொருத்துவது கையும் கண்ணும் மூளையும் சேர்ந்து பழகவேண்டிய காரியம். இரண்டு வட்டத்தைப் போட்டு "எட்டு" என்று செருகியவள் ஒரு எண்ணை எழுதியிருக்கிறாள், அதைவிட முக்கியமாக, எழுத்து எதற்காக என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது: பஸ்ஸில் ஏறுகிறவருக்குச் சேதி சொல்ல. "நாம எல்லாரும் பெரியவங்க" என்று ஒரு விதியை உருவாக்கி எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டது இன்னும் பெரிய விஷயம், அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

எது விளையாட்டு, எது இல்லை

இந்தச் சொல்லை இப்போது எல்லா நர்சரி நோட்டீஸிலும் போடுகிறார்கள். ஏ ஃபார் ஆப்பிள் என்று இருபது பிள்ளைகளைக் கைதட்டிப் பாடவைத்துவிட்டு அதற்கும் விளையாட்டு முறை என்றே பெயர் வைக்கிறார்கள். பாட்டு நல்லதுதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் என்ன பாடுவது, எப்போது எழுந்திருப்பது, எப்போது நிறுத்துவது எல்லாமே டீச்சர் முடிவு என்றால் அது சந்தோஷமாக நடத்தப்பட்ட பாடம். விளையாட்டு என்றால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். பிள்ளை தானாக அதில் இறங்கியதா? ஸ்டாருக்கோ சாக்லேட்டுக்கோ இல்லாமல் அதைச் செய்வதிலேயே அதற்கு ருசி இருக்கிறதா? நடுவில் வேறு மாதிரி மாற்றவோ, போதும் என்று எழுந்துபோகவோ அதற்கு வழி இருக்கிறதா?

இந்த மூன்றும் முழுசாக இருந்து பெரியவர் தலையீடே இல்லாதது தன்னிச்சையான விளையாட்டு, தெருவில் பிள்ளைகள் தாங்களாகக் கூட்டாஞ்சோறு ஆக்குவது மாதிரி. இன்னொரு கோடியில் கரும்பலகைப் பாடம். நடுவில் இருப்பது வழிகாட்டும் விளையாட்டு: பெரியவர் மனதில் ஒரு நோக்கம் இருக்கும், அதற்கேற்ற பொருளை எடுத்து வைப்பார், சரியான நேரத்தில் ஒரு கேள்வி போடுவார், ஆனால் கடிவாளம் பிள்ளை கையில்தான். அந்த டிக்கெட் டப்பா தற்செயலாக அலமாரிக்கு வரவில்லை. முந்தின வாரம் பிள்ளைகள் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்துத்தான் டீச்சர் அதைச் சேர்த்து வைத்திருந்தார்.

பிள்ளை முன்னால் நடப்பது என்றவுடன் பலருக்கு வருகிற பயம், அப்போது பெரியவர் சும்மா இருப்பாரா, அது போக்கில் விட்டால் அடம் பிடிக்கிற பிள்ளையாக வளராதா என்பது. எதை வைத்து விளையாடலாம், யாரோடு, எப்படி, எவ்வளவு நேரம் என்பது பிள்ளையின் முடிவு. சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வேண்டுமா, அடுத்த பிள்ளையைக் கடிக்கலாமா, கேட்டைத் தாண்டிப் போகலாமா என்பதில் எல்லாம் பிள்ளைக்கு முடிவெடுக்கும் உரிமை கிடையாது. இந்த வேலி உறுதியாக இருந்தால்தான் உள்ளே இருக்கிற சுதந்திரத்தைப் பிள்ளை பயமில்லாமல் அனுபவிக்கும்.

ஏன் இப்படி?

தென்னை மட்டையைக் காலிடுக்கில் வைத்துக் குதிரை ஓட்டும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-ல் ஆற்றிய ஓர் உரையில் கிட்டத்தட்ட இந்தக் காட்சியைத்தான் எடுத்துப் பேசினார், அங்கே மட்டைக்குப் பதில் குச்சி. கண்ணுக்குத் தெரிவது குச்சி, மனதில் இருப்பது குதிரை. பொருளையும் அதன் அர்த்தத்தையும் பிரித்து, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிறுத்த முடியும் என்று பிள்ளை முதலில் பழகுவது இங்கேதான். பிற்பாடு 'அ' என்ற கோட்டுக்கு ஓர் ஒலி உண்டு என்றும் '5' என்ற கோட்டுக்கு ஐந்து மாம்பழம் என்ற அர்த்தம் உண்டு என்றும் ஏற்றுக்கொள்ளப்போகும் மனசு, மட்டையைக் குதிரை என்று ஏற்றுக்கொண்ட அதே மனசுதான். விளையாடும்போது பிள்ளை தன்னைவிட ஒரு தலை உயரமாகிவிடுகிறது என்றும் அவர் சொன்னார்.

அந்த ஒரு தலை உயரத்தை 1948-ல் மனுய்லென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் சோதித்தே பார்த்தார். சின்னப் பிள்ளைகளிடம் ஆடாமல் அசையாமல் நில் என்று வெறுமனே சொன்னால் சீக்கிரமே ஆடிவிடுகிறார்கள். நீ காவல்காரன், இந்த இடத்தைக் காவல் காக்கிறாய் என்று விளையாட்டாகச் சொன்னால் அதே வயதுப் பிள்ளைகள் பல மடங்கு நேரம் நிற்கிறார்கள். அடக்கிவைக்கும் சக்தி உள்ளே இருக்கிறது, வேஷம் கட்டினால்தான் வெளியே வருகிறது. "ஒரு இடத்துல உக்காரவே மாட்டேங்கறான்" என்று எங்களிடம் சொல்லும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நம் பஸ்ஸில் கூட, வகுப்பிலேயே துறுதுறுப்பான பையன்தான் டிரைவர், தட்டைப் பிடித்தபடி கடைசிவரை எழுந்திருக்கவில்லை. டிரைவர் எழுந்தால் பஸ் என்னாவது!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த ஒரு தவறு இன்றும் மனதில் இருக்கிறது. மூன்று வயதுப் பையன் ஒருவன் மணல் தொட்டியில் கொட்டாங்குச்சியால் மணலை அள்ளி ஒரு புனலில் ஊற்றிக்கொண்டிருந்தான். காய்ந்த மணல் சரசரவென்று இறங்குகிறது, ஈர மணல் அடைத்துக்கொள்கிறது. அவன் புனலைத் தட்டுகிறான், கவிழ்க்கிறான், விரலை விட்டுப் பார்க்கிறான், திரும்பக் காய்ந்த மணலைத் தேடி எடுக்கிறான். ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "புனல் என்ன கலர், சொல்லு?" என்றேன். "செவப்பு" என்றான். "வெரி குட், மணல் என்ன கலர்?" அவன் கொட்டாங்குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துபோய்விட்டான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்டு, அவன் கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஒன்றை நான் நிறுத்திவிட்டேன்.

இதை ஒட்டிய ஒரு ஆய்வு உண்டு. எலிசபெத் போனவிட்ஸும் கூட்டாளிகளும் 2011-ல் வெளியிட்டது. குழாய்களை இணைத்து ஒரு விநோத பொம்மை செய்தார்கள், அதில் ஒளிந்திருக்கும் வித்தைகள் நாலு: ஒன்று கீச்சென்று சத்தம் போடும், ஒன்று வெளிச்சம், ஒன்று இசை, ஒன்றில் முகம் பார்க்கலாம். சில பிள்ளைகளிடம், "இது இப்படித்தான் வேலை செய்யும், பாரு" என்று டீச்சர் மாதிரி கீச்சொலியை மட்டும் காட்டினார்கள். வேறு பிள்ளைகள் முன்னால் தற்செயலாக நடந்தது போலக் கீச்சொலியை எழுப்பினார்கள். பாடமாகக் காட்டப்பட்ட பிள்ளைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் பொம்மையை விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் அதிக நேரம் துருவி மற்ற வித்தைகளையும் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். தெரிந்தவர் ஒருவர் காட்டிவிட்டால் இதில் காட்டவேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. சொல்லிக்கொடுப்பதே தப்பு என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். எப்போது சொல்லவேண்டும் என்பதில் அவ்வளவு நிதானம் வேண்டும் என்பதே விஷயம்.

விளையாட விட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். மணலில் எத்தனை வருஷம் விளையாடினாலும் 'க' என்ற எழுத்துக்கு என்ன ஒலி என்று மணல் சொல்லாது. அதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2022-ல் வெளியிட்ட அலசலில், ஆரம்பக் கணிதம், வடிவங்கள் போன்றவற்றில் நேரடிப் பாடத்தைவிட வழிகாட்டும் விளையாட்டே நல்ல பலன் தந்தது, வேறு பல விஷயங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது அழவைத்து எழுதவைப்பதால் கூடுதலாகக் கிடைப்பது எதுவும் இல்லை.

நம் வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் உதாரணம். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இருவர் அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பாலர் பள்ளிகளில் செய்த ஆய்வு, 2008-ல் வந்தது. ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை கட்டம் போட்ட பலகை, சுழற்றினால் ஒன்று அல்லது இரண்டு விழும், காயை நகர்த்தும்போது அந்தக் கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், இருபது நிமிஷம். அவ்வளவு விளையாடியதற்கே எந்த எண் பெரிது, வரிசையில் எது எங்கே வரும், எண்ணைப் பார்த்துப் படிப்பது எல்லாவற்றிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் கலர் கட்டம் வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. இதைப் படித்தபோது எனக்குப் பரமபதமும் தாயமும்தான் நினைவுக்கு வந்தன. நாலு வயசுக்கு நூறு கட்டம் அதிகம், அது வளைந்து வளைந்து வேறு போகும். தரையில் சாக்பீஸால் நேராகப் பத்துக் கட்டம் போட்டு, பிள்ளையையே காயாக நிறுத்தி, ஒரு சோழியைப் போட்டுக் குப்புற விழுந்தால் ஒன்று, மல்லாந்தால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். "அஞ்சு... ஆறு..." என்று குதித்துக்கொண்டே போகும்.

இது புதுசு கிடையாது

வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் ஒதுக்குவதால் கொஞ்சம் சரித்திரம். கிண்டர்கார்டன் என்ற பெயர், அதாவது குழந்தைகளின் தோட்டம், ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1840-ல் வைத்தது. கம்பளி நூல் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் என்று பொம்மைகளையே பாடமாக வடிவமைத்தவர் அவர். எல்.கே.ஜி.யில் வரும் அந்த 'கே', விளையாட்டுக்காகவே பிறந்த எழுத்து. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் 1939-ல் சென்னை அடையாறுக்குப் பிரம்மஞான சபையின் அழைப்பில் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர், உலகப் போரில் மாட்டிக்கொண்டு 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், அதில் சில காலம் கொடைக்கானலில். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாண்டிசோரி முறையில் பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும், ஆனால் அதற்கு அவர் வைத்த பெயர் வேலை. பாவனை விளையாட்டுக்கு அவர் பெரிய இடம் தரவில்லை. நான் பஸ் ஓட்டும் பிள்ளைகள் பக்கம்தான், என்றாலும் பொருளைப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வை, அது மூழ்கியிருக்கும்போது குறுக்கே போகாதே என்ற இரண்டு பழக்கங்கள் அவரிடமிருந்து வந்தவைதான்.

மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச்சொல்லிக் காத்திருக்காமல், பாலர் பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். முற்றத்துக்கு அங்கே அங்கண் என்று பெயர், அங்கன்வாடி என்ற சொல்லின் வேர் அதுதான். 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. நம் பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள், பத்துப் பருவத்தில் ஆண்பாலுக்குக் கடைசியாக வருவது சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணல் வீடு, சின்ன மேளம், உருட்டுகிற தேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்று வரும். பிள்ளை எப்படி வளர்கிறது என்று அளக்க நம் புலவர்கள் கையில் எடுத்த அளவுகோல் விளையாட்டுதான்.

எழுத்து எப்போது வரும்?

பெற்றோரின் உண்மையான பயம் இங்கேதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை யு.கே.ஜி.யில் வாக்கியம் எழுதுகிறது, நம் பிள்ளை இன்னும் களிமண் உருட்டிக்கொண்டிருக்கிறதே!

பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். அங்கே பெரியவர்களுக்கு எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அந்த எட்டும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகத் தொடங்கி, ஏழு எலும்பாகவே ஆறு, ஏழு வயதாகிவிடும், எட்டாவது அதற்கும் பிறகுதான். தோள் பலம், முழங்கைப் பலம், மணிக்கட்டு, அப்புறம் விரல் நுனி என்ற வரிசையில் கட்டுப்பாடு இறங்கி வருகிறது. மூன்று வயதுப் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடிப்பது அதனால்தான், மூன்று விரலில் பிடிப்பது பெரும்பாலும் நாலரை, ஐந்து, ஆறு வயதில் வரும். அந்தக் கையில் 'இ', 'ஞ' என்று சுழிக்கிற எழுத்தைச் சின்னக் கட்டத்துக்குள் எழுது என்றால் என்ன ஆகும்? கை வலிக்கும், எழுத்து கோணும், திட்டு விழும், எழுதுவது என்றாலே கசக்கும். களிமண்ணைப் பிசைவது, துணியைப் பிழிவது, பட்டாணி உரிப்பது, ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துத் தொங்குவது, சுவரில் தண்ணீர் தொட்டுப் பிரஷ்ஷால் பெரிய பெரிய கோடு இழுப்பது எல்லாமே அந்தக் கையைத் தயார் செய்யும் எழுத்துப் பயிற்சிதான். பிறகு எழுதத் தொடங்கும்போது ட, ப, ம என்று கோடாக வரும் எழுத்திலிருந்து போகலாம். ஃபின்லாந்தில் பிள்ளைகள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போவதே ஏழு வயதில்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையிலும் மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டும் செயல்பாடும்தான் அடிப்படை என்று இருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. இவ்வளவுக்கும் பிறகு பிரீகேஜி பிள்ளைக்கு நாலு பக்கம் எழுதிவரச் சொல்வது தவறு, இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

டீச்சர் என்ன செய்கிறார்?

நேரடியாகப் பாடம் நடத்துவதைவிட இது கஷ்டமான வேலை. முதல் பங்கு பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே நடக்கிறது: எதை எடுத்து வைப்பது, எதை உள்ளே வைப்பது. பொருள் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு நல்லது. பட்டனை அழுத்தினால் பாடுகிற பொம்மை ஒரே வேலைதான் செய்யும், ஒரு அட்டைப்பெட்டி வீடாகும், கடையாகும், ராக்கெட்டாகும். ஆற்றுக் கூழாங்கல், பாட்டில் மூடி, பழைய துணி, அளவு அளவான டப்பா, தண்ணீர், மணல், சொப்பு சாமான் போதும். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் பக்கத்தில் மட்டும் புளியங்கொட்டை, சோழி, மணி மாதிரி வாய்க்குள், மூக்குக்குள் போகக்கூடிய எதையும் வைக்கக்கூடாது.

இரண்டாவது, கவனிப்பது. கையில் ஒரு சின்ன நோட்டு, அதில் "தலைக்கு ஒன்று சரியாகப் பொருத்தினாள், ஏழு வரை" என்று ஒரு வரி. இந்த வரிகள்தான் பிள்ளை எங்கே நிற்கிறது, நாளைக்கு என்ன வைக்கலாம் என்று சொல்லும். கவனிக்கத் தெரிந்தால் வீண் கவலைகளும் குறையும். "யார்கூடவும் சேரமாட்டேங்கறா, தனியாவே விளையாடுறா" என்று இரண்டரை வயசுப் பிள்ளையின் அம்மா அழுதிருக்கிறார். மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கவனித்து எழுதிவைத்தார்: தனியாக விளையாடுவது, ஓரமாக நின்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதே பொருளை வைத்து அவரவர் ஆட்டத்தை ஆடுவது, அப்புறம் பொருளைப் பரிமாறிக்கொள்வது, கடைசியில்தான் ஆளுக்கொரு வேஷம் பிரித்துச் சேர்ந்து ஆடுவது. இரண்டரை வயசில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக ஆடுவது சரியான வளர்ச்சிதான். பஸ் ஓட்டுவது நாலு வயசுக் காரியம்.

மூன்றாவது, பேச்சு. "இது என்ன கலர், இது என்ன ஷேப்" என்பது பரீட்சை. "ஓ, ஈர மணல் இறங்கலையா?" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள், அல்லது "காய்ஞ்சதப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருங்கள். பிள்ளை யோசித்து வாய் திறக்க நமக்கு ஆகிறதைவிட அதிக நேரம் ஆகும், அந்த அமைதியைத் தாங்கிக்கொள்வதுதான் டீச்சருக்கு வரும் பெரிய சோதனை.

ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் சமையல், எடை பார்ப்பது, ரெஜிஸ்டர் எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் அங்கன்வாடியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். கஷ்டம்தான், ஆள் போதாது என்ற குறை உண்மை. ஆனாலும் நான் பார்த்த மிக நல்ல விளையாட்டு நேரங்களில் ஒன்று ஓர் அங்கன்வாடியில் நடந்தது. பணியாளர் அக்கா முருங்கைக்கீரை ஆயும்போது நாலு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு ஈர்க்கு கொடுத்திருந்தார். "யார் காம்புல நிறைய இலை?" என்றார். பிள்ளைகள் உருவினார்கள், அடுக்கினார்கள், காம்புகளை நீளம் பார்த்து வரிசை வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சுவரைப் பாருங்கள். முப்பது தாளிலும் ஒரே ஆப்பிள், ஒரே சிவப்பு, கோட்டுக்குள் ஒட்டியிருந்தால் அதைச் செய்தது பெரும்பாலும் டீச்சர். ஒன்று கோணல், ஒன்று நீலம், ஒன்று என்னவென்றே தெரியவில்லை, கீழே பிள்ளை சொன்னதை டீச்சர் எழுதியிருக்கிறார் என்றால் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பொம்மைகள் தூசியில்லாமல் தேய்ந்து, பிள்ளை கைக்கு எட்டும்படி இருக்கின்றனவா, விளையாட்டு நேரம் பத்து நிமிஷத்தில் மணியடித்து முடிகிறதா, முக்கால் மணி நேரமாவது தொடர்ந்து இருக்கிறதா? ஒரு விளையாட்டு சூடு பிடிக்கவே பதினைந்து நிமிஷம் ஆகும்.

வீட்டில் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, பாத்திரம் கழுவும் இடத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர், துவைத்த துணியில் ஜோடி சாக்ஸ் தேடுவது, அப்புறம் உங்களுடைய இருபது நிமிஷம், செல்போன் இல்லாமல். அந்த இருபது நிமிஷம் பிள்ளை சொல்கிற வேஷத்தை நீங்கள் போடுங்கள்.

சாயங்காலம் கேட் பக்கத்தில் கேட்கும் கேள்வியையும் மாற்றிப் பாருங்கள். அந்த பஸ் ஓடிய அன்றைக்கு, கண்டக்டரைக் கூட்டிப்போக அவள் பாட்டி வந்திருந்தார். "என்ன படிச்ச?" என்று கேட்காமல், "இன்னைக்கு என்ன ஆட்டம்டி, யாரு யாரு இருந்தீங்க?" என்றார். அவள் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, தெருமுனை திரும்பும் வரை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். யாருக்கு இரண்டு டிக்கெட் போனது, யார் அழப்பார்த்தாள், ஆஸ்பத்திரிக்கு மூணாவது ஸ்டாப், மிஸ்தான் அங்கே இறங்கினாங்க, அவங்களுக்குக் காய்ச்சல்.